பாதி எழுதிய படம்

ஸ்கூட்டரின் பழைய முள் மீட்டர் மினுக்கி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளே இருக்கும் பல்பு ஃபியூஸ் போகும், கேபிள் அறுந்து முள் பூஜ்யத்திலேயே படுத்துவிடும். ஆனால் வேகம் 40-லிருந்து 45-க்கு ஏறும்போது முகப்பு முழுவதும் வெள்ளையாக மறைந்து திரும்பி வந்ததில்லை. அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் வண்ணத் திரைதான் சில சமயம் அப்படிச் செய்கிறது. வேகத்தைக் காட்டும் பக்கத்திலிருந்து வழி காட்டும் பக்கத்துக்கு மாற்றினால் ஒரு வெட்டு. போன் அழைப்பின் படம் வந்தால் இன்னொரு வெட்டு. லிப்டிலும் வாஷிங் மெஷினிலும் இருக்கும் சின்னத் திரைகளிலும் இதைப் பார்க்கலாம். அதிகத் திறமையுள்ள கருவி ஏன் கண் சிமிட்டுகிறது?

பகலில் இதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. உறைக்க வேண்டுமானால் குண்டலுபேட்டை மாதிரி ஓர் ஊர் வேண்டும். மைசூருக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் இந்த ஊர் 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது, இப்போது சாமராஜநகர் மாவட்டம். இங்கே சாலை பிரிகிறது. ஒன்று பந்திப்பூர், முதுமலைக் காடுகளைக் கடந்து கூடலூருக்கும் ஊட்டிக்கும் ஏறுகிறது. மற்றொன்று முத்தங்கா வழியாக சுல்தான் பத்தேரிக்குப் போகிறது. வனவிலங்குகளைக் காக்க 2009 முதல் இரண்டு சாலையிலும் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை. அதனால் இருட்டுகிற நேரத்தில் கேட் மூடுவதற்குள் காட்டைக் கடந்துவிட வேண்டும் என்று வண்டிகள் விரைகின்றன. தெருவிளக்கு கிடையாது. இருளுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும். அப்படிப் பழகிக்கொண்டிருக்கும் கண்ணுக்கு நேரே, கைப்பிடிக்கு நடுவில் இருக்கும் திரை ஒரு கணம் பளீரென்று வெளுத்தால் அது வெறும் அழகுக் குறை அல்ல.

இந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் தேடப் போகிறோம்.

திரைக்கு ஞாபகம் கிடையாது

திரையில் தெரியும் படம் ஒருமுறை வரைந்து வைத்த படம் அல்ல. எல்.சி.டி. திரையின் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கிறது. அது மெல்லக் கசிந்துவிடும். ஆகவே மேல் வரியில் தொடங்கிக் கீழ் வரி வரை எல்லாப் புள்ளிகளுக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலான திரைகளில் இது நொடிக்கு 60 முறை நடக்கிறது. ஒரு சுற்றுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி நொடி, அதாவது நொடியை ஆயிரமாகக் கூறு போட்டால் அதில் பதினேழுக்குச் சற்றுக் குறைவு.

இந்த 60 நம் கண்ணுக்கும் பொருந்துகிற எண். வெளிச்சம் நொடிக்கு 50, 60 முறைக்கு மேல் அணைந்து எரிந்தால் பெரும்பாலானோர் கண்ணுக்கு அது விடாமல் எரிவதாகவே தெரியும். சினிமாவில் நொடிக்கு 24 படங்கள்தான். புரொஜக்டரின் சுழல் மூடி ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறையாவது வெட்டிக் காட்டி அதை 48 ஆக்கியது. தூர்தர்ஷன் காலத்து டிவி 25 படங்களைப் பாதி பாதியாகப் பிரித்து 50 ஆக்கியது.

சுற்றுக்குச் சுற்று சொல்ல வேண்டிய செய்தியை எங்காவது எழுதி வைத்திருக்க வேண்டும். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் நிறத்தைக் குறித்து வைக்கும் அந்த நினைவுப் பகுதியைப் பொறியாளர்கள் ஃபிரேம் பஃபர் என்பார்கள். நாம் படப்பலகை என்று வைத்துக்கொள்வோம். பலகையைப் படித்துத் திரைக்கு அனுப்ப ஒரு மின்சுற்று இருக்கிறது. அதை வாசிப்பான் என்போம். வாசிப்பான் யாருக்காகவும் நிற்பதில்லை. பலகையில் இருப்பது முழுப் படமா, அரைகுறையா என்று அது கேட்பதும் இல்லை.

படப்பலகை ஒரு காலத்தில் பெரும் ஆடம்பரம். 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஷூப் உருவாக்கிய சூப்பர்பெயின்ட் கருவிக்கு 640-க்கு 480 புள்ளிகளுக்கான பலகை இருந்தது. அந்த மூன்று லட்சம் பைட்டுக்காக அலமாரி நிறையச் சிப்புகளை அடுக்க வேண்டியிருந்தது. 1977-இல் வீடுகளுக்கு வந்த அட்டாரி 2600 விளையாட்டுப் பெட்டிக்குப் பலகையே கிடையாது. அதன் மொத்த நினைவே 128 பைட். 1982-இல் அதற்கு வந்த பேக்-மேன் விளையாட்டில் நான்கு பேய்களையும் ஒரே சுற்றில் வரைய வழியில்லாமல் சுற்றுக்கு ஒன்றாக முறை வைத்தார்கள். ஒவ்வொரு பேயும் நொடிக்கு 15 முறைதான் தெரிந்தது. பேய்கள் விடாமல் மினுக்கின, விளையாடியவர்கள் திட்டினார்கள்.

படங்கள் குடியிருக்கும் இடம்

இன்று பலகை மலிவு. ஆனால் அதில் எழுத வேண்டிய படங்கள் வேறெங்கோ இருக்கின்றன. எண்கள், அம்புக்குறிகள், பின்னணி, இரவுக்கொரு தோற்றம், பகலுக்கொரு தோற்றம் என்று எல்லாம் சேர்ந்தால் பல மெகாபைட். வண்டியை அணைத்தாலும் அவை அழியக் கூடாது. இதற்கு ஏற்றது ஃபிளாஷ் நினைவகம். தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோக்கா உருவாக்கி 1984-இல் உலகுக்குச் சொன்னது அது.

சின்னத் திரைகளை இயக்கும் சிப்புக்குள்ளேயும் கொஞ்சம் ஃபிளாஷ் உண்டு. அது நிரலுக்கே சரியாக இருக்கும். ஆகவே படங்களைப் பக்கத்தில் தனிச் சிப்பில் வைக்கிறார்கள். எட்டுக் கால்கள் உள்ள, விரல் நகத்தைவிடச் சின்னக் கறுப்புச் சதுரம். மூளைச் சிப்புக்கும் இதற்கும் இடையே சில மெல்லிய செம்புத் தடங்கள்தான் வழி. நம் கதையின் குறுகல் பாதை அதுதான்.

ஒரு பக்கம் மாற எவ்வளவு நேரம்?

ஒரு திரையை எடுத்துக் கணக்குப் போடுவோம். 4.3 அங்குலத் திரை, குறுக்கே 480 புள்ளிகள், நெடுக்கே 272 வரிகள். எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் பொறியாளர்கள் பழகுவதற்கென விற்கும் எஸ்டிஎம்32எஃப்746 டிஸ்கவரி போர்டில் இதே அளவுத் திரைதான் இருக்கிறது. பக்கத்திலேயே 16 மெகாபைட் வெளி ஃபிளாஷ்.

மொத்தம் 1,30,560 புள்ளிகள். புள்ளிக்கு 2 பைட் நிறம் என்றால் ஒரு முழுப் படம் 2,61,120 பைட். 16 மெகாபைட்டில் இப்படி 64 முழுப் படங்கள் வைக்கலாம். இடத்துக்குப் பஞ்சமில்லை. நேரத்துக்குத்தான் பஞ்சம்.

ஃபிளாஷ் ஒரே தடத்தில் நொடிக்கு 5 கோடி பிட் தருகிறது என்று கொள்வோம். நம் படத்தில் சுமார் 21 லட்சம் பிட். வந்து சேர 42 மில்லி நொடி ஆகும். ஆனால் வாசிப்பான் 16.7 மில்லி நொடிக்கு ஒரு சுற்று முடித்துவிடுகிறது. ஒரு படம் வந்து இறங்குவதற்குள் திரை இரண்டரை முறை வரையப்பட்டுவிடும்.

இப்போது சுற்று சுற்றாகப் பார்ப்போம். வாசிப்பான் மேல் வரியில் நிற்கும் அதே கணத்தில் புதுப் படம் இறங்கத் தொடங்குகிறது. முதல் சுற்றில் வாசிப்பான் முந்தி ஓடுவதால் திரையில் பழைய படமே தெரியும். இரண்டாம் சுற்று தொடங்கும்போது புதுப் படம் 108-ஆம் வரி வரை வந்திருக்கிறது. வாசிப்பான் மேலிருந்து விரட்டி 181-ஆம் வரிக்கருகே அதைப் பிடிக்கிறது. அந்தச் சுற்றில் மேலே மூன்றில் இரண்டு பங்கு புதுப் படம், கீழே மீதி பழைய படம். மூன்றாம் சுற்றில் வாசிப்பான் எட்டிப் பிடிப்பதற்குள் படம் முழுதாக இறங்கிவிடுகிறது.

ஆக ஒரே ஒரு சுற்றுதான் பழுது. இரண்டு படங்கள் ஒட்டுப் போட்டாற்போல் தெரியும் இதைக் கிழிசல் என்பார்கள். மனசில் ஏதோ நெருடும், அவ்வளவுதான். வெள்ளை இன்னும் வரவில்லை.

வெள்ளையைப் போட்டவர் யார்?

புதுப் பக்கம் எழுதுமுன் பழையதைத் துடைப்பது நிரல் எழுதுகிறவர்களின் இயல்பான பழக்கம். பலகை முழுவதையும் ஒரே நிறத்தால் நிரப்புவது சிப்புக்குள்ளேயே முடிகிற வேலை, ஓரிரு மில்லி நொடி போதும். பகல் பக்கத்தின் பின்னணி வெள்ளை என்பதால் துடைக்கிற நிறமும் வெள்ளை. இரவுப் பக்கங்களைப் பிறகு சேர்க்கும்போது துடைக்கும் வரியை யாரும் மாற்றவில்லை என்று வையுங்கள்.

இப்போது அதே கணக்கைத் திரும்பப் போடுங்கள். முதல் சுற்றில் பழைய படம் இல்லை, முழு வெள்ளை. இரண்டாம் சுற்றில் மேலே புதுப் படம், கீழே மூன்றில் ஒரு பங்கு வெள்ளை. மூன்றாவதில்தான் படம் முழுமை. முன்னும் பின்னும் கறுப்புப் பின்னணி, நடுவில் ஒன்றே கால் சுற்றுக்கு மேல் வெள்ளை. நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம்தான். ஆனால் கண் பத்தில் ஒரு நொடிக்குள் வருகிற வெளிச்சத்தை எல்லாம் கூட்டித்தான் பார்க்கிறது. கறுப்பில் வந்த வெள்ளை எவ்வளவு குறுகியதானாலும் பட்டே தீரும்.

ஃபிளாஷ் மெதுவாக இருந்தது உண்மை. ஆனால் வெள்ளையைப் போட்டது ஃபிளாஷ் அல்ல. எழுதி முடிக்காத பலகையை வாசிப்பான் பார்க்க நேர்ந்ததுதான் குற்றம். ஃபிளாஷின் மெதுவான வரவு அந்தக் குற்றத்தைக் கண்ணுக்குக் காட்டிக் கொடுத்தது.

தெருப் படுதாவின் பின்னால்

நாடகக் கம்பெனிகளுக்கு இதன் மாற்று மருந்து பழைய வித்தை. மைசூர்ச் சீமையில் குப்பி வீரண்ணாவின் கம்பெனியும் தமிழ்நாட்டில் நவாப் ராஜமாணிக்கத்தின் கம்பெனியும் காட்சி ஜோடனைக்குப் பேர் போனவை. அந்தக் கால மேடைகளில் தர்பார் காட்சி முடிந்ததும் முன்னால் தெரு வரைந்த படுதா இறங்கும். அதன் முன்னே ஒரு சின்னக் காட்சி நடக்கும். படுதாவுக்குப் பின்னால் ஆட்கள் சிம்மாசனத்தை அகற்றிக் காட்டை நிறுத்துவார்கள். எல்லாம் ஆன பிறகே படுதா எழும்பும். ஜோடிக்க ஐந்து நிமிடம் ஆனாலும் பத்து நிமிடம் ஆனாலும், பாதிக் காட்டைப் பார்வையாளர் பார்ப்பதில்லை.

திரைக்கும் இதே ஏற்பாடுதான். ஒன்றுக்குப் பதில் இரண்டு படப்பலகைகள். முதலாவதை வாசிப்பான் படித்துக்கொண்டிருக்கும்போது ஃபிளாஷிலிருந்து வரும் படம் இரண்டாவதில் இறங்குகிறது. முடிந்ததும் இனி இதைப் படி என்று வாசிப்பானுக்கு முகவரி மட்டும் மாற்றிக் கொடுக்க வேண்டும். அதையும் எப்போது வேண்டுமானாலும் செய்யக் கூடாது. கடைசி வரி முடிந்து முதல் வரிக்குத் திரும்புமுன் வாசிப்பானுக்கு ஒரு சிறு இடைவேளை உண்டு. முகவரி அந்த இடைவேளையில் மாறினால் கிழிசலும் இல்லை, வெள்ளையும் இல்லை.

இவ்வளவு எளிதான வழியை எல்லாரும் ஏன் கடைப்பிடிப்பதில்லை? இடம் இல்லாததால். இரண்டு பலகைக்கு 5,22,240 பைட் வேண்டும். அந்த டிஸ்கவரி போர்டின் மூளைச் சிப்பில் உள் நினைவு 320 கிலோபைட், அதாவது 3,27,680 பைட். ஒரு பலகை அடங்கும், இரண்டு அடங்காது. வெளியே இன்னொரு ரேம் சிப் வைக்கலாம், செலவு கூடும். நிறங்களை 256-ஆகக் குறைத்துப் புள்ளிக்கு ஒரு பைட் ஆக்கினால் இரண்டு பலகையும் உள்ளேயே அடங்கிவிடும். இறங்கும் நேரமும் 21 மில்லி நொடியாகப் பாதியாகும். அதுவும் வேண்டாம் என்றால் மாறிய பகுதியை மட்டும் எழுதலாம். திரும்பு என்று காட்டும் 96-க்கு 96 புள்ளி அம்புக்குறி 18,432 பைட்தான். ஒரே தடத்தில் 3 மில்லி நொடியில் வந்துவிடும். வாசிப்பான் அந்த இடத்தைத் தாண்டிப் போன பிறகு எழுதினால், சுற்று முடிந்து திரும்பி வருவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

முகம் ஒன்று, காரணம் பல

மினுக்கம் எல்லாமே துடைப்பால் வருவதில்லை. வெளி ஃபிளாஷை ஒட்டியே இன்னும் மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, துண்டு துண்டாகக் கேட்பது. ஃபிளாஷிடம் எதையும் கேட்குமுன் என்ன வேண்டும் என்ற கட்டளைக்கு 8 பிட், எங்கிருந்து என்ற முகவரிக்கு 24 பிட் அனுப்ப வேண்டும். முழுப் படத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் இந்த 32 பிட் ஒரு பொருட்டே இல்லை. படத்தைத் திருப்பிப் போடவோ வேறொன்றின் மேல் கலக்கவோ ஒவ்வொரு புள்ளியாகக் கேட்டால், 16 பிட் நிறத்துக்கு ஒவ்வொரு முறையும் 32 பிட் முன்னுரை. 42 மில்லி நொடி வேலை 125 ஆகிவிடும். ஃபிளாஷ் மெதுவானது என்று பழி சொல்லுமுன் கேட்கும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பசி. சிலர் பலகையே வேண்டாம் என்று ஃபிளாஷை நேரடியாக வாசிப்பானுக்குக் கொடுத்துவிடுவார்கள். நான்கு தடங்களில் ஃபிளாஷ் நொடிக்கு 2.5 கோடி பைட் தரும். திரைக்கு வேண்டியது சுமார் 1.57 கோடி. தாராளம்போல் தெரிகிறது. வரைபடத்தின் மேல் இன்னொரு அடுக்கை ஏற்றினால் தேவை 3.13 கோடி ஆகிவிடும். வாசிப்பானுக்கு வரியின் நடுவில் தீனி தீர்ந்துபோகும், படம் ஒரு கணம் பக்கவாட்டில் நழுவித் திரும்பும்.

மூன்றாவது, ஒரே சிப்பில் படிப்பும் எழுத்தும். ஓடிய தூரத்தையும் அதே ஃபிளாஷில் குறித்து வைக்கும் கருவிகள் உண்டு. ஃபிளாஷில் பழைய குறிப்பைக் குறைந்தது 4 கிலோபைட் பகுதியாகத்தான் அழிக்க முடியும். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 16 மெகாபைட் சிப்புகளில் இதற்குச் சாதாரணமாக 45 மில்லி நொடி ஆகும், மோசமான நேரத்தில் 400 வரை போகும். அதுவரை அந்தச் சிப்பிலிருந்து ஒரு படமும் வராது.

கண் தவறவிட்டதை போன் பிடிக்கும்

கோளாறைத் தேட ஆய்வகக் கருவி எதுவும் தேவையில்லை. நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் வசதி பல போன்களில் இருக்கிறது. திரையின் ஒவ்வொரு சுற்றையும் அது நான்காக வெட்டிக் காட்டும்.

முழுத் திரையும் ஒரே நிறமாகி மீண்டால் அது துடைப்பு. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இருந்தால் கிழிசல். படம் பக்கவாட்டில் நழுவினால் பசி. பக்கம் மாறாதபோதும் வெளிச்சப் பட்டைகள் ஊர்ந்தால் படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை: பின்விளக்கை வேகமாக அணைத்து எரித்து வெளிச்சத்தைக் குறைக்கிறார்கள், கேமரா அதைப் பிடித்திருக்கிறது. கண்ட இடத்தில் தப்பு நிறப் புள்ளிகள் தெறித்தால், ஃபிளாஷின் தடங்களில் வேகம் தாங்காமல் பிட்டுகள் தவறுகின்றன. பந்திப்பூர்ச் சாலையின் வேகத்தடைகளில் குதிக்கும்போது மட்டும் திரை வெட்டினால் நிரலை விட்டுவிட்டுத் திரையின் ரிப்பன் கேபிளை அழுத்திப் பாருங்கள். குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை தாளம் தவறாமல் வந்தால் தூரத்தை எழுதி வைக்கும் வேலையைச் சந்தேகிக்கலாம்.

பொறியாளருக்கு இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. படத்தின் இடத்தில் வெறும் வண்ணக் கட்டம் வரையச் சொல்ல வேண்டும். மினுக்கம் போய்விட்டால் படம் இறங்கும் வழியில்தான் கோளாறு. அடுத்து அதே படத்தை முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைத்து அங்கிருந்து வரைய வேண்டும். அப்போது போய்விட்டால் ஃபிளாஷின் தாமதம் இதில் பங்கு வகிக்கிறது. போகாவிட்டால் ஃபிளாஷ் நிரபராதி.

வேகம் மறைக்கும், ஒழுங்கு தீர்க்கும்

மினுக்கத்தைக் கண்டவுடன் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது வேகத்தைக் கூட்டுவது. ஒரு தடத்தை நான்காக்கினால் 42 மில்லி நொடி 10.4 ஆகும். ஒரு சுற்றுக்குள் அடங்குகிறது. மேசையில் வைத்துப் பார்த்தால் கோளாறு போய்விட்டதாகவே தோன்றும். ஆனால் துடைப்பும் எழுத்தும் இன்னும் வாசிப்பானின் கண் முன்னால்தான் நடக்கின்றன. படம் இறங்கத் தொடங்கும் நேரமும் சுற்று தொடங்கும் நேரமும் ஒத்துப் போனால் வெள்ளை தெரியாது, தவறினால் தெரியும். முன்பு ஒவ்வொரு முறையும் வந்தது இப்போது எப்போதாவது வரும். எப்போதாவது வருகிற கோளாறு பட்டறையில் வருவதில்லை. வாங்கியவர் சொன்னால் பழுது பார்ப்பவர் நம்புவதும் இல்லை.

அதனால் திருத்தம் சரிதானா என்று பார்க்க எதிர்த் திசையில் போக வேண்டும். ஃபிளாஷின் வேகத்தை வேண்டுமென்றே பத்தில் ஒன்றாகக் குறையுங்கள். இப்போது ஒரு படம் வர 418 மில்லி நொடி, 25 சுற்று. துடைத்து எழுதும் பழைய ஏற்பாடாக இருந்தால் வெள்ளையின் மேல் புதுப் படம் மேலிருந்து கீழே ஊர்ந்து இறங்குவதை வெறுங்கண்ணாலேயே எண்ணிவிடலாம். இரண்டு பலகையும் இடைவேளை மாற்றமும் சரியாக அமைந்திருந்தால் பட்டனை அழுத்தியதும் கிட்டத்தட்ட அரை நொடி பழைய பக்கமே நிற்கும். பிறகு புதுப் பக்கம் முழுதாக வரும். மந்தம் என்று குறை சொல்லலாம், மினுக்கியது என்று சொல்ல முடியாது. இந்தச் சோதனையில் தேறிய பிறகு ஃபிளாஷை முழு வேகத்தில் ஓட்டலாம்.